"நெஞ்சை அடைக்கும்மா" என்று அவள் சொன்ன பதினோரு மாதம்

உண்ணா நோயும் (அனோரெக்ஸியா) மனச்சோர்வும் சேர்ந்து என் மகளைப் பிடித்த கதை இது. அவளே இதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களை அடித்துவிட்டு, "போடும்மா" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். அவள் பெயரை எழுதவில்லை. எடை எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதவில்லை. அது அவள் கேட்டுக்கொண்டது. "இந்த நோய் இருக்கிற பிள்ளைங்க படிச்சா அந்த நம்பரைத்தான்மா முதல்ல தேடுவாங்க. நாம இன்னும் அவ்வளவு குறையலையே, அப்ப நமக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்குவாங்க" என்றாள். இத்தனைக்கும் பிறகு அவளுக்கு இந்த அளவு தெளிவு வந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நாங்கள் பாளையங்கோட்டை. எனக்குத் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. எங்கள் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். வீட்டில் மாமியாரும் மகளும் மகனும். மூன்று வேளையும் அடுப்பு எரிகிற வீடு.

2021 பிப்ரவரியில், கொரோனாவால் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. தெருவில் பிள்ளைகள் கத்திக் கொண்டாடினார்கள். இவள் மட்டும் பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "நான் படிச்சதெல்லாம் எதுக்கும்மா?" என்றாள். மார்க் போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்து, "பதினொண்ணுல காட்டிடலாம் விடு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். அந்தப் படிப்பாண்டில் பெரும்பாலும் அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே பாடம் படித்திருந்தாள். படம் வரைவதை விட்டிருந்தாள். பக்கத்துத் தெருத் தோழியோடு பேசுவதை விட்டிருந்தாள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் எரிந்து விழுவாள். எனக்குத் தெரிந்த மனச்சோர்வு என்பது மூலையில் உட்கார்ந்து அழுவதுதான். வளரும் பிள்ளைகளுக்கு அது எரிச்சலாகவும் கோபமாகவும் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வயசுக் கோளாறு என்று நானே பெயர் வைத்து மூடிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாமே பாராட்டு வாங்கித் தந்த காரியங்கள். எங்களை ஏமாற்றியதும் அதுதான். செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறேன் என்றாள். அம்மனுக்கு இருக்கிறாளே என்று ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். பிறகு வெள்ளிக்கிழமை சேர்ந்தது. பிறகு ஏகாதசி. இரவெல்லாம் படிக்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பழைய யூனிபார்ம் தொளதொளவென்று இருந்தது. பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்த டெய்லர் அக்கா, "பரவாயில்லையே, நல்லா சிக்குன்னு ஆயிட்டாளே" என்றார். கல்யாண வீட்டில் என் நாத்தனார், "என்ன மைனி, மக மெலிஞ்சு அழகாயிட்டா, என்ன குடுக்கீங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். இவள் அந்தப் பந்தியில் இலையில் வைத்த எதையும் தொடவில்லை என்பதை அப்போது நான் கவனித்தும் இருந்தேன்.

அவள் ஒருநாளும் "குண்டாயிடுவேன்" என்று சொன்னதில்லை. "நெஞ்சை அடைக்கும்மா", "வயிறு கல்லு மாதிரி இருக்கு", "பசிக்கல". இவை மூன்றும்தான். அதனால் நாங்கள் வயிற்றைத்தான் பார்த்தோம். முதலில் தெருமுனை டாக்டர். ரத்தசோகை என்றார், பசிக்கு டானிக் எழுதினார். பிறகு குடல் டாக்டர், என்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். மாதவிலக்கு நின்றபோது மகப்பேறு டாக்டர், ஸ்கேன். நடுவில் ஆச்சிக்காக ஒரு தாயத்து. இப்படிப் பதினோரு மாதம் போனது.

பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்: 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவரிடம் வந்த பெண்களில் பலர் ஒட்டி உலர்ந்து போயிருந்தார்கள். ஆனால் மேல்நாட்டுப் புத்தகங்களில் இருந்ததுபோல "பருமனாகிவிடுவேன்" என்ற பயத்தை அவர்கள் சொல்லவே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றே சொன்னார்கள். புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தை நோயாளி சொல்லவில்லை என்பதற்காக நோய் இல்லாமல் போய்விடுமா? அதைப் படித்த அன்று, தபால் முத்திரை குத்துகிற மேசையிலேயே அழுதுவிட்டேன். இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டுக்காரர்களுக்கு வருகிற நோய் என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்!

உண்மையை உடைத்தவன் என் மகன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. ஒருநாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "அக்கா தெனமும் தோசையை நாய்க்குத்தாம்மா போடுதா. அந்த நாய் எங்க பின்னாடியே ஸ்கூல் வரைக்கும் வருது." அந்தச் செம்பட்டை நாயை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மேல் எவ்வளவு பாசம் என்று வியந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் அவளை அடித்தேன். அவள் அடித்துவிட்ட இரண்டு இடங்களில் இது இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். முதலில் பார்த்தவர் பத்து நிமிடம் பேசினார். மனச்சோர்வு என்று சரியாகவே கண்டுபிடித்தார். மாத்திரை எழுதி, "மனசு சரியாச்சுன்னா மூணு வாரத்துல பசி தானா வரும்" என்றார். எடை பார்க்கவில்லை. நாடி பார்க்கவில்லை. மாதவிலக்கு பற்றிக் கேட்கவில்லை. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டாள். சோறு சாப்பிடவில்லை. படி ஏறும்போது மயங்கி விழுந்தாள்.

வேறு ஊரில் பார்த்த இரண்டாவது டாக்டர் எங்களை உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். நாடித் துடிப்பு மிகவும் குறைந்திருந்ததால் முதலில் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் தினமும் பார்த்தார்கள். நான் வீட்டிலிருந்து தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்பும் நெய்ச்சோறும் கொண்டுபோனேன். நர்ஸ் தடுத்துவிட்டார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகுமாம். அளந்து, படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டுமாம். எனக்குப் பகீரென்றது. "நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு" என்று திணித்திருந்தால் என்னாகியிருக்கும்?

நான் அந்த டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எது முதல்ல வந்துச்சு டாக்டர்? கவலையில சாப்பிடாம போனாளா, சாப்பிடாததுனால கவலை வந்துச்சா?" என்பதுதான். அவர் திருப்பி என்னிடம் கேட்டார்: "உங்க பொண்ணு சமையல் வீடியோ பாப்பாளா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பார்ப்பாள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்ப்பாள். பிரியாணி, கேக், கறிக்குழம்பு. ஒரு நோட்டில் செய்முறைகளை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு அவளே சமைத்துப் போட்டு, அவன் கடைசி வாய் வரை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். சாப்பாட்டில் இவ்வளவு ஆசை இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்போது அவர் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரம், 1944-45ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேர். உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போரினால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிய, தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுக்குச் சாப்பாடு. சில வாரங்களிலேயே சிரிப்புப் போய்விட்டது. எரிச்சல் வந்தது. யாரோடும் ஒட்டாமல் தனியாக ஒதுங்கினார்கள். வெயிலிலும் குளிர்கிறது என்றார்கள். பலருக்கு மனச்சோர்வு வந்தது. தட்டிலிருப்பதை மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருந்தார்கள். சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள். மறுபடி சாப்பாடு கொடுத்த பிறகும் மனசு உடனே திரும்பவில்லை, மாதக்கணக்கில் ஆனது.

"அவங்க யாருக்கும் மனநோய் கிடையாது. பட்டினி மட்டும்தான்" என்றார் டாக்டர். "உங்க பொண்ணுக்குச் சோர்வு முதல்ல வந்திருக்கு, நீங்க சொல்றதுல தெரியுது. வேற பிள்ளைக்குச் சாப்பாடு முதல்ல நின்னு சோர்வு பின்னால வரும். ரெண்டுமே நடக்கும். ஆனா கொஞ்ச நாள்ல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தீனி போட ஆரம்பிச்சிடும். பட்டினி கிடக்கிற மூளைக்கு மாத்திரையும் சரியா எடுபடாது, பேச்சும் ஏறாது. அதனால மொத மருந்து சோறுதான்மா. அதை நீங்கதான் கொடுக்கணும்."

நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்பது சும்மா சொன்ன ஆறுதல் இல்லை. அது ஒரு சிகிச்சை முறை. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. வளரிளம் பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தால் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், பெற்றோரையே நர்ஸ் ஆக்குகிற முறை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலத்துக்கு அப்பா அம்மா எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுணவு. பக்கத்திலேயே உட்கார வேண்டும். கெஞ்சக்கூடாது, திட்டக்கூடாது, பேரம் பேசக்கூடாது. பிள்ளை வேறு, நோய் வேறு என்று மனசில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தேறத் தேற, அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சொல்வது சுலபம். இரண்டு இட்லிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம். அவள் இட்லியை முதலில் நாலாகப் பிப்பாள். நாலை எட்டாக்குவாள். பிறகு ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியால் உதிர்ப்பாள், தட்டின் ஓரமாக வட்டமாகப் பரப்புவாள். நடுவில் சட்னி காய்ந்து ஏடு கட்டியிருக்கும். ஒரு பருக்கையை வாய்க்குள் வைத்து, அது தானாகக் கரையட்டும் என்று காத்திருப்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். அழுகிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. என்னால் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் அப்பா தாங்கினார். ஐந்து மாதம் காலையில் கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் கதையாகச் சொல்வார். எந்தத் தோட்டத்து மோட்டார் எப்படி எரிந்தது, எத்தனை சுற்றுக் கம்பி போனது. யாருக்கும் தேவையில்லாத கதைகள். "நெறுத்தாம பேசிட்டே இருந்தாங்கம்மா, அதுனால என் தலைக்குள்ள கேட்டுட்டிருந்த சத்தம் கொஞ்சம் கம்மியா கேட்டுச்சு" என்று மகள் இப்போது சொல்கிறாள்.

ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தாள். சாம்பார் சுவரெல்லாம் வழிந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் எழுந்து தரையைத் துடைத்தார். வேறு தட்டு எடுத்தார். இரண்டு இட்லி வைத்தார். "இது மருந்து பிள்ள. மருந்தைத் தட்டிவிட்டா மறுபடி ஊத்தித்தான் தரணும்" என்றார். குரல் உயரவில்லை. அவள் நெடுநேரம் அவரையே பார்த்தாள். அன்று ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வரைக்கும் அந்தச் சாம்பார்க் கறை சுவரில் இருந்தது.

எட்டு மாதத்தில் உடம்பு தேறியது. மாதவிலக்கு திரும்பியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "அப்பாடா" என்றார்கள். நானும்தான். ஆனால் மறுபடியும் விடிகாலை மூன்று மணிக்கு அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இப்ப எல்லாரும் சரியாப் போச்சுன்னு நினைக்கீங்க. உடம்புதாம்மா மாறியிருக்கு. உள்ள அப்படியே இருக்கு. முன்னாடியாவது சாப்பிடாம இருக்கோம்னு ஒரு வேலை இருந்துச்சு, வேற எதையும் நினைக்க விடாது. இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

அந்த இருட்டில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அவளுடைய துக்கத்தை மரத்துப்போக வைக்கிற வேலையைப் பட்டினி செய்திருக்கிறது. நாங்கள் பட்டினியை விரட்டினோம், துக்கம் போர்வை இல்லாமல் நிற்கிறது. எடை ஏறியதும் சிகிச்சையை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் நிறைய என்று டாக்டர் வருத்தப்பட்டது நினைவுக்கு வந்தது. நாங்களும் இரண்டு அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டிருந்தோம்.

டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்த கேள்வியை அந்தப் படியில் கேட்டேன். வாய் குழறியது. "செத்துப் போகணும்னு தோணுதா, கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் சொல்ல வழி பிறக்கும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். அவள் ஆமாம் என்றாள். ரொம்ப நாளாக என்றாள். நான் கத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் பூட்டினேன், டாக்டருக்குப் போன் செய்தேன். மனநோய்களிலேயே அதிக உயிரைக் குடிப்பவற்றில் இந்த உண்ணா நோயும் ஒன்று. அதில் கணிசமான சாவுகள் தற்கொலை. பட்டினியால் மட்டும் சாவு வருவதில்லை என்பதை இந்த நோய் உள்ள ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு கொடுத்த மாத்திரை வேலை செய்தது. முன்பு ஆறு வாரம் ஒன்றும் செய்யாத அதே வகை மாத்திரைதான். வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை. அதில் என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. ஓராண்டு கழித்து, மேசையில் ஒரு படம் கிடந்தது. அந்தச் செம்பட்டை நாயை வரைந்திருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. என் மகள் மெலிந்தாள், அதனால் கடைசியிலாவது கண்ணில் பட்டது. அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டுக் குற்றவுணர்வில் தவிக்கிற பிள்ளைகள் பலர் பார்வைக்குச் சாதாரண உடம்போடுதான் இருப்பார்கள். அவர்களுக்கும் மனச்சோர்வு இருக்கலாம், யாருக்கும் தெரியாது. பையன்களுக்கும் வரும். ஜிம், புரோட்டீன், "கட்டிங்" (உடம்புக் கொழுப்பைக் குறைப்பது) என்று பையன் சோற்றைத் தள்ளினால் நாம் மெச்சிக்கொள்கிறோம். பிள்ளை சாப்பிடுவதைக் குறைத்ததும், தூக்கம் கெட்டதும், தோழமை விட்டதும் ஒரே காலத்தில் நடந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. தயவுசெய்து யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தும் "மெலிஞ்சுட்டியே", "பூசினாப்ல ஆயிட்டியே" என்று இரண்டில் எதையும் சொல்லாதீர்கள். நன்றாக இருக்கிறாயா என்று கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.

இப்போது அவள் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். போன மாதம் செமஸ்டர் பரீட்சை. ஒரு புதன்கிழமை மத்தியானம், கவுன்ட்டரில் கூட்டமாக இருந்த நேரம், மெசேஜ் வந்தது: "யம்மா, நாலு நாளா இட்லி ஒண்ணுக்கு மேல போக மாட்டேங்குது. மூணு மணிக்கு முழிப்பும் வருது. டாக்டர்ட்ட சனிக்கிழமை கேளேன்." கையிலிருந்த வேலையை நிறுத்தி, கவுன்ட்டரில் நின்ற பெரியவரிடம் ஒரு நிமிடம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து போன் போட்டேன். சனிக்கிழமை பத்தரைக்கு நேரம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினாள். அப்பா வண்டியோடு நின்றார். வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்தாள். அவர் இரண்டு இட்லி வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நேத்து ஒரு மோட்டார் வந்துச்சு பாரு பிள்ள" என்று ஆரம்பித்தார்.